முடியுமா என்று கேட்டவர்கள்

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு அல்மாயிதா என்று பெயர். வானத்திலிருந்து இறங்க வேண்டும் என்று கேட்கப்பட்ட ஓர் உணவு மரவையின், அதாவது உணவு பரப்பிய தட்டின், பெயர் அது. கேட்டவர்கள், கிறிஸ்தவர்கள் இயேசு என்று அழைக்கும் ஈஸா நபியின் (அலை) உற்ற துணைவர்களான ஹவாரிய்யூன்கள். 112-ஆம் வசனத்தில் அவர்கள் இப்படிக் கேட்கிறார்கள்: "மர்யமின் மகன் ஈஸாவே! வானத்திலிருந்து எங்களுக்கு ஓர் உணவு மரவையை இறக்கித்தர உம்முடைய இறைவனுக்கு முடியுமா?" இதற்கு முந்தைய வசனத்தில்தான் அதே மனிதர்கள், "ஈமான் (நம்பிக்கை) கொண்டோம், நாங்கள் முஸ்லிம்கள் என்பதற்கு நீ சாட்சியாக இரு" என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் சாட்சி, அடுத்த வரியிலேயே முடியுமா என்ற கேள்வி.

இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து ஓதும்போது ஏற்படும் உறுத்தல் லேசில் போவதில்லை. பெரும்பாலான உரைகள் இந்த இடத்தை இரண்டு விதமாகக் கடந்து போகின்றன. ஒன்று, கேள்வியை விட்டுவிட்டு மரவையில் என்ன இருந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கதைக்குள் போய்விடுவது. இன்னொன்று, "பார்த்தீர்களா, கூட இருந்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதி முடிப்பது. இரண்டும் எனக்குப் போதவில்லை. அதே குர்ஆன் அஸ்ஸஃப் அத்தியாயத்தில், ஈமான் கொண்டவர்களை அழைத்து, ஹவாரிய்யூன்களைப் போல நீங்களும் அல்லாஹ்வின் உதவியாளர்களாக ஆகுங்கள் என்கிறது. முன்மாதிரியாக நிறுத்தப்பட்டவர்களின் வாயிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது என்றால், கேள்வியை இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை

ஹவாரிய்யூன் என்ற சொல் குர்ஆனில் மொத்தம் 5 முறைதான் வருகிறது. ஆலு இம்ரான் 52-இல் ஒரு முறை, அல்மாயிதா 111, 112-இல் ஒவ்வொரு முறை, அஸ்ஸஃப் 14-இல் இரண்டு முறை. மூன்றுமே மதீனாவில் அருளப்பட்ட அத்தியாயங்கள். இவற்றில் ஒருவரின் பெயர்கூட இல்லை. எண்ணிக்கை இல்லை, ஊர் இல்லை, தொழில் இல்லை. ஏரியும் வலையும் வரித்தண்டலும் இங்கே கிடையாது. பன்னிரண்டு என்ற எண் குர்ஆனில் பனூ இஸ்ராயீலின் (இஸ்ரவேலரின்) கோத்திரங்களுக்கும் தலைவர்களுக்கும் ஊற்றுகளுக்கும் மாதங்களுக்கும் வருகிறது, ஹவாரிய்யூன்களுக்கு வருவதில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனும் இல்லை.

எனவே இந்த வசனங்களைப் படிக்க உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது, நற்செய்தி நூல்களிலிருந்து ஏற்கெனவே மனதில் பதிந்திருக்கும் பேதுருவையும் யோவானையும் தோமாவையும் சிறிது நேரம் ஓரமாக நிறுத்திவைப்பது. அவர்கள் பிறகு வரட்டும். முஸ்லிம் விரிவுரையாளர்களே அவர்களை அழைத்து வரத்தான் போகிறார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே உள்ளே விட்டுவிட்டால், குர்ஆன் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது கண்ணில் படாது.

படிக்கும் வரிசையும் முக்கியம். ஆலு இம்ரானிலிருந்து தொடங்குவது நல்லது. தம் சமூகத்தாரிடம் நிராகரிப்பை உணர்ந்த ஈஸா நபி அவர்கள், "அல்லாஹ்வின் பக்கம் எனக்கு உதவியாளர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். "நாங்கள் அல்லாஹ்வின் உதவியாளர்கள்" என்று பதில் வருகிறது. அரபியில் அந்தச் சொல் அன்ஸார். மதீனாவில் இந்த வசனத்தை முதன்முதலில் கேட்டவர்களில் ஒரு பெரும் பகுதியினரின் பெயரே அன்ஸார் என்பதை நினைத்துக்கொண்டால், அது வெறும் பழங்கதையாக அவர்கள் காதில் விழுந்திருக்காது என்பது புரியும். அடுத்து அஸ்ஸஃப் 14. அதே கேள்வியும் அதே பதிலும் அங்கே கட்டளையாக வருகின்றன. கடைசியாக அல்மாயிதா 111 முதல் 115 வரை. இந்த வரிசையில் வந்தால், மரவையைக் கேட்பவர்கள் யார் என்று தெரிந்த பிறகுதான் கேள்வி வந்து சேரும். அல்மாயிதாவிலிருந்து தொடங்கினால் கேள்விதான் முதலில் நிற்கும், ஆட்கள் அதன் நிழலில் மறைந்துபோவார்கள்.

தமிழில் சீடர், சிஷ்யர் என்று பெயர்க்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் சீடர் என்றால் கற்றுக்கொள்கிறவர். குர்ஆன் காட்டும் காட்சியில் கற்பித்தல் நடக்கவே இல்லை. ஆள் தேவைப்படுகிற நேரத்தில் முன்வந்து நிற்பதுதான் நடக்கிறது.

வெளுத்தவர்கள்

சொல்லின் வேர் பற்றிப் பழைய விரிவுரையாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஹ-வ-ர என்ற அரபி வேருக்கு வெண்மை என்ற பொருள் உண்டு. சலித்து வெண்மையாக்கிய மாவுக்கு ஹுவ்வாரா என்று பெயர். துணி வெளுப்பவரையும் அந்த வேரிலிருந்து அழைப்பார்கள். அதனால் ஹவாரிய்யூன்கள் துணி வெளுப்பவர்களாக இருந்தார்கள் என்பது ஒரு கருத்து. வெள்ளை உடை அணிந்திருந்தார்கள் என்பது இன்னொன்று. உள்ளம் தூய்மையானவர்கள் என்பது மூன்றாவது. 923-இல் மறைந்த தப்ரீ எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, உடையின் வெண்மையும் வெளுக்கும் தொழிலும்தான் காரணமாக இருக்கும் என்று சாய்கிறார். ஷீஆ மரபில் இமாம் அலீ ரிழாவிடம் இதே கேள்வி கேட்கப்படுகிறது. மக்கள் அவர்களைத் துணியின் அழுக்கு நீக்கியவர்கள் என்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை தங்களைத் தூய்மையாக்கிக்கொண்டு, அறிவுரையால் மற்றவர்களின் பாவ அழுக்கையும் நீக்கியவர்கள் என்று அவர் பதில் சொல்கிறார். வெளுப்பவரின் தொழிலையே எடுத்து அதற்கு மேல் ஒரு பொருள் ஏற்றும் இந்த விடை, எனக்கு எல்லா விளக்கங்களிலும் அழகாகப் படுகிறது.

மொழியியலாளர்கள் வேறு திசையைக் காட்டுகிறார்கள். எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸில் ஹவார்யா என்றால் அனுப்பப்பட்டவர். போதல் என்ற வேரிலிருந்து வருவது. அந்த மொழியின் வேதாகமத்தில் அப்போஸ்தலர்களுக்கு இதுவே பெயர். 615 வாக்கில் முஸ்லிம்களின் முதல் குழு அபிசீனியாவுக்கு (எத்தியோப்பியாவுக்கு) புலம்பெயர்ந்தது என்பதையும், அரேபியாவுக்கும் அந்தக் கரைக்கும் அதற்கு முன்பே நெடுங்காலப் போக்குவரத்து இருந்தது என்பதையும் பார்த்தால், சொல் கடல் தாண்டி வந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. வேர் எதுவானாலும், அரபிக் காதில் அது வெண்மையாகவே ஒலித்தது.

நபி (ஸல்) அவர்களின் வாயிலும் இந்தச் சொல் வந்திருக்கிறது. 627-இல் நடந்த அகழ்ப்போரின்போது, எதிரிகளின் செய்தியை யார் அறிந்து வருவார் என்று அவர்கள் கேட்டார்கள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) "நான்" என்றார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அவரே. அப்போது, "ஒவ்வொரு நபிக்கும் ஒரு ஹவாரீ உண்டு, என் ஹவாரீ ஸுபைர்" என்றார்கள். புகாரீ, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ள செய்தி இது. இங்கே ஹவாரீ என்றால் யார் என்பது செயலிலேயே தெரிகிறது: மற்றவர்கள் அமைதியாக இருக்கும்போது எழுந்து நிற்பவர்.

ஒரு பல், இரண்டு ஓதல்கள்

இனி அந்தக் கேள்விக்கே வருவோம். இன்று பரவலாக ஓதப்படும் முறையில் அது "ஹல் யஸ்ததீஉ ரப்புக", உம் இறைவனுக்கு முடியுமா. ஆனால் கூஃபா நகரின் புகழ்பெற்ற ஓதுநர்களில் ஒருவரான கிஸாயீ (இறப்பு ஹிஜ்ரி 189) இதை "ஹல் தஸ்ததீஉ ரப்பக" என்று ஓதினார். அப்போது பொருள், "உம் இறைவனிடம் கேட்க உம்மால் முடியுமா?" என்று மாறுகிறது, கேட்டல் என்ற சொல் சொல்லாமலே உள்ளே நிற்கிறது. இது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏழு ஓதல்களில் ஒன்று. யாரோ ஒருவரின் சொந்தத் திருத்தம் அல்ல. எழுத்தில் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறியது. பழைய அரபி எழுத்தில் புள்ளிகள் கிடையாது. யா எழுத்தும் தா எழுத்தும் சொல்லின் தொடக்கத்தில் ஒரே ஒரு பல் போன்ற மேடு. பின்னால் புள்ளி வந்தபோது, இரண்டு புள்ளி கீழே வந்தால் யா, மேலே வந்தால் தா. இன்னொன்று, ரப்பு என்பதன் கடைசி உயிர்க்குறி. அவ்வளவுதான். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்து எழுத்து வடிவம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

நபியின் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரில் இதையொட்டி ஒரு கூற்று சொல்லப்படுகிறது: உம் இறைவனுக்கு முடியுமா என்று கேட்கும் அளவுக்கு ஹவாரிய்யூன்கள் அல்லாஹ்வை அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய மரியாதையைக் காக்கும் பரிவு இதில் தெரிகிறது. ஆனால் இந்த ஓதல் கேள்வியைத் தீர்த்துவிடுகிறது என்று நினைப்பதுதான் பலரும் வழுக்கும் இடம். இரண்டு ஓதல்களும் நிலைத்தவை என்றால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க முடியாது. மேலும் அடுத்த வாக்கியத்தில் ஈஸா நபி அவர்கள், "நீங்கள் ஈமான் கொண்டவர்களாக இருந்தால் அல்லாஹ்வை அஞ்சுங்கள்" என்கிறார்கள். கேட்கப்பட்டதில் கடியும்படி எதுவுமே இல்லையென்றால், இந்தப் பதில் எதற்கு?

தப்ரீ யா ஓதலையே தேர்கிறார். அதன் பொருளை விளக்க, அரபியரின் அன்றாடப் பேச்சை எடுத்துக்காட்டுகிறார். என்னோடு எழுந்துவர உமக்கு முடியுமா என்று ஒருவர் கேட்டால், எழும் வலிமை உண்டா என்பதல்ல கேள்வி, வருவீரா என்பதே. தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்த முடியுமா?" என்று கேட்பவர் கையின் வலிமையையா சோதிக்கிறார்? நம் மொழியில் முடியுமா என்பது பாதி வேண்டுகோள். அதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்பில் முடியுமா என்று படிக்கும்போது அது அவ்வளவு கடுமையாக ஒலிப்பதில்லை. ஆற்றல் உள்ளதா என்று பெயர்த்தால் உடனே கசக்கும். ஸுத்தீ என்ற பழைய விரிவுரையாளர், நீர் கேட்டால் உம் இறைவன் இணங்குவானா என்று பொருள் கொள்கிறார். இதுவும் இந்தப் பக்கம்தான்.

ஆனால் இந்த விளக்கங்களை எல்லோரும் ஏற்கவில்லை. 1144-இல் மறைந்த ஸமக்ஷரீ தயங்காமல் சொல்கிறார்: அல்லாஹ் அவர்களை ஈமான் கொண்டவர்கள் என்று வர்ணிக்கவில்லை, ஈமான் கொண்டோம் என்று அவர்கள் சொன்னதை மட்டுமே எடுத்துரைத்தான், பிறகு இந்தக் கேள்வியால் அந்தச் சொல்லின் வெறுமையை வெளிப்படுத்தினான். கூர்மையான வாசிப்பு இது. இலக்கணம் அறிந்தவரின் கண். ஆனால் அஸ்ஸஃப் 14-ஐ வைத்துக்கொண்டு இதை ஏற்பது கடினம். ஏறக்குறைய அதே காலத்தில் அந்தலூஸில் (முஸ்லிம் ஸ்பெயினில்) வாழ்ந்த இப்னு அதிய்யா, ஹவாரிய்யூன்கள் ஈமான் கொண்டவர்கள் என்பதில் தமக்குத் தெரிந்து கருத்து வேறுபாடே இல்லை என்று எழுதுகிறார்.

இந்த இடத்தில் வேதாகமத்தின் சங்கீதம் 78-ஐத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பாலைவனத்தில் திரிந்த இஸ்ரவேலர்கள், வனாந்தரத்தில் கடவுளால் விருந்து பரப்ப முடியுமா என்று கேட்டதாக அதன் 19-ஆம் வசனம் சொல்கிறது. அங்கே அது கடவுளுக்கு எதிரான பேச்சு. முடியுமா என்ற அதே சொல், பந்தி என்ற அதே பொருள். ஹவாரிய்யூன்களின் கேள்வி இந்த நினைவோடு ஒலித்திருந்தால், ஈஸா நபியின் "அல்லாஹ்வை அஞ்சுங்கள்" என்ற உடனடிப் பதிலுக்குக் காரணம் விளங்கும். முன்னோர்கள் தடுக்கிய அதே கல்லில் இவர்கள் காலும் பட்டுவிட்டது.

உள்ளம் அமைதி பெற

கடிந்துரைத்த பிறகு அவர்கள் பின்வாங்கவில்லை. காரணம் சொல்கிறார்கள். 113-ஆம் வசனத்தில் நான்கு காரணங்கள்: அதிலிருந்து நாங்கள் உண்ண வேண்டும், எங்கள் உள்ளங்கள் அமைதி பெற வேண்டும், நீர் எங்களிடம் உண்மையே சொன்னீர் என்று நாங்கள் அறிய வேண்டும், அதற்கு நாங்கள் சாட்சிகளாக இருக்க வேண்டும். இந்த நான்கில் இரண்டாவதில்தான் எல்லாம் திரும்புகிறது. அரபியில் "வ தத்மஇன்ன குலூபுனா".

இந்தச் சொற்களைக் குர்ஆன் வேறோர் இடத்தில், வேறொருவரின் வாயில் வைத்திருக்கிறது. அல்பகரா 260. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், "என் இறைவா! இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு" என்கிறார்கள். "நீ நம்பவில்லையா?" என்று இறைவன் கேட்கிறான். "நம்புகிறேன், ஆனால் என் உள்ளம் அமைதி பெறுவதற்காக", "வ லாகின் லியத்மஇன்ன கல்பீ". வினைச்சொல் ஒன்றே. உள்ளம் என்ற சொல்லும் ஒன்றே. அங்கே ஒருமை, இங்கே பன்மை. இறைவனின் தோழர் என்று பட்டம் பெற்ற நபியின் வேண்டுகோளும், மரவை கேட்ட மனிதர்களின் வேண்டுகோளும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்கின்றன.

இதைப் பார்த்த பிறகு, இவர்களைச் சந்தேகக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை. இப்ராஹீம் நபியின் கேள்வியில் நம்பிக்கையின்மை இல்லை என்று ஒப்புக்கொள்கிற நாம், அதே சொற்களைச் சொல்கிற இவர்களிடம் மட்டும் ஏன் அதைத் தேட வேண்டும்? ஈமானும் உள்ளத்தின் அமைதியும் இரண்டு வேறு நிலைகள் என்பதை அந்த வசனமே சொல்கிறது. முதலாவது இருந்தும் இரண்டாவது வராமல் இருக்கலாம். வராததைக் கேட்பது முதலாவதை மறுப்பதாகாது.

ஆனால் இரண்டு காட்சிகளும் ஒன்றே என்று சொல்லிவிடவும் முடியாது. வேறுபாடுகள் தெளிவாக இருக்கின்றன, அவற்றை மழுப்பக் கூடாது. இப்ராஹீம் நபி "என் இறைவா" என்று நேரே அழைத்துக் கேட்கிறார்கள். இவர்கள் "உம் இறைவன்" என்கிறார்கள். எங்கள் இறைவன் என்று சொல்லவில்லை. அழைப்பதும் அல்லாஹ்வின் தூதரே என்றல்ல, மர்யமின் மகன் ஈஸாவே என்று. இப்ராஹீம் நபி எப்படி என்று கேட்கிறார்கள். முடியும் என்பது அங்கே முடிந்த விஷயம். இவர்கள் முடியுமா என்று தொடங்குகிறார்கள். இவர்களின் பட்டியலில் முதலில் நிற்பது உண்பது.

இதன் பிறகு வரும் ஈஸா நபியின் பிரார்த்தனையை இந்த வேறுபாடுகளோடு சேர்த்துப் படித்தால், அது ஒவ்வொன்றையும் மெதுவாக நேராக்குவது தெரியும். "அல்லாஹும்ம ரப்பனா", யா அல்லாஹ், எங்கள் இறைவா. உம் இறைவன் என்றவர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு எங்கள் இறைவன் ஆகிறது. "வானத்திலிருந்து எங்களுக்கு ஓர் உணவு மரவையை இறக்குவாயாக; அது எங்களில் முன்னோருக்கும் பின்னோருக்கும் ஒரு பெருநாளாகவும், உன்னிடமிருந்து ஓர் அத்தாட்சியாகவும் இருக்கட்டும்; எங்களுக்கு உணவளிப்பாயாக." உணவு கடைசிக்குப் போய்விட்டது. 1210-இல் மறைந்த ராஸீ இந்த வரிசை மாற்றத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்: அவர்கள் உண்பதை முன்னே வைத்தார்கள், நபியோ அத்தாட்சியை முன்னே வைத்து உணவைப் பின்னே வைத்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெருநாளைக் குறிக்கும் ஈத் என்ற சொல் குர்ஆன் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. மனம் அமைதியாக வேண்டும் என்று சிலர் கேட்ட கேள்வியிலிருந்து, முன்னோருக்கும் பின்னோருக்குமான ஒரு பெருநாள் பிறக்கிறது. கேட்டவர்களை ஒதுக்கிவிட்டு ஈஸா நபி அவர்கள் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு என்றுதான் கேட்கிறார்கள்.

இறங்கியதா?

115-ஆம் வசனத்தில் அல்லாஹ்வின் பதில்: நான் அதை இறக்குவேன், அதன் பிறகும் நிராகரிப்பவரை உலகத்தாரில் யாருக்கும் கொடுக்காத வேதனையால் வேதனை செய்வேன். அத்தோடு காட்சி முடிந்துவிடுகிறது. இறங்கியது என்று ஒரு வினைமுற்று அங்கே இல்லை.

இறங்கியது என்பது பெரும்பான்மைக் கருத்து. இறக்குவேன் என்று இறைவன் சொன்ன பிறகு அது நடக்காமல் போகாது என்பது அவர்களின் வாதம். ஹஸன் பஸ்ரீ (இறப்பு 728), நிபந்தனையைக் கேட்டதும் அவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள், எனவே இறங்கவில்லை என்றார். முஜாஹித் இதை ஓர் உவமையாக எடுத்துக்கொண்டார். இருவர் வரையிலும் அறிவிப்பாளர் தொடர் சரியாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் விரிவுரையாளர் இப்னு கஸீர், இந்த மரவைச் செய்தி கிறிஸ்தவர்களிடம் இல்லை, அவர்களின் நூலிலும் இல்லை என்பது அந்தக் கருத்துக்கு வலு சேர்க்கலாம் என்றும் நேர்மையாகக் குறிப்பிடுகிறார்; ஆனாலும் பெரும்பான்மைக் கருத்தின் பக்கமே நிற்கிறார்.

மரவையில் இருந்தவை பற்றிய கதைகள் பெருகிக் கிடக்கின்றன. ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) பெயரில் வரும் நீண்ட கதையில், இரண்டு மேகங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு விரிப்பு இறங்குகிறது. அதில் சுட்ட மீன், 5 ரொட்டிகள். ஒன்றின்மேல் ஒலிவம், ஒன்றின்மேல் தேன், ஒன்றில் நெய், ஒன்றில் பாலாடைக்கட்டி, ஒன்றில் உப்புக்கண்டம். கேட்க இனிமையான கதை. ஆனால் இதன் அறிவிப்பை மிக விந்தையானது என்று இப்னு கஸீர் சொல்கிறார். ரொட்டியும் இறைச்சியும் இறங்கின, நாளைக்கென்று எடுத்துவைக்கக் கூடாது என்ற கட்டளையை மீறியவர்கள் உருமாற்றப்பட்டார்கள் என்று அம்மார் இப்னு யாஸிர் (ரலி) வழியாக திர்மிதீயின் நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. அது நபிமொழியாக அல்லாமல் அம்மாரின் சொல்லாக வருவதே சரியானது என்று திர்மிதீயே குறித்துவிடுகிறார். மேடைகளில் இந்தக் கதைகள் எல்லாம் ஒரே குரலில், குர்ஆன் சொல்கிறது என்ற முகவுரையோடு வந்துவிடுகின்றன. வசனம் எது, நபிமொழி எது, பழைய வேதக்காரர்களிடமிருந்து வந்த இஸ்ராயீலிய்யாத் எது என்று பிரித்துச் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். தப்ரீ இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்: மீனும் ரொட்டியுமாக இருக்கலாம், சொர்க்கத்துக் கனியாகவும் இருக்கலாம், அறிவதால் பயனில்லை, அறியாமையால் தீங்குமில்லை.

பெயர்கள் வந்த வழி

குர்ஆன் சொல்லாத பெயர்களை முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் கிறிஸ்தவர்களிடமிருந்து பெற்றார்கள்; அதை மறைக்கவுமில்லை. எட்டாம் நூற்றாண்டின் இப்னு இஸ்ஹாக்கிடம் புத்ருஸ், அந்தராயிஸ், யுஹன்னஸ், மத்தா, தூமாஸ் என்று கிரேக்க, சிரியாக் சாயலோடு பெயர்கள் வருகின்றன. எண்ணிக்கையில் ஒற்றுமை கிடையாது. ஈஸா நபி உயர்த்தப்பட்ட இரவைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதில் வீட்டுக்குள் 12 பேர். வஹ்ப் இப்னு முனப்பிஹின் அறிவிப்பு ஒன்றில் 17 பேர். அந்த இப்னு அப்பாஸ் அறிவிப்பில், என் தோற்றத்தை ஏற்று எனக்குப் பதில் கொல்லப்பட்டு என்னோடு என் நிலையில் இருக்க யார் முன்வருவது என்று ஈஸா நபி கேட்க, கூட்டத்திலேயே இளையவர் எழுகிறார். உட்கார் என்கிறார்கள். மறுபடி கேட்க மறுபடியும் அவரே எழுகிறார். ஸுபைரின் காட்சி இங்கே திரும்ப வருகிறது. இதே அறிவிப்பில், உங்களில் ஒருவர் ஈமான் கொண்ட பிறகு என்னை 12 முறை மறுப்பார் என்ற சொல்லும் இருக்கிறது. எழுந்தவரும் மறுப்பவரும் ஒரே அறையில்.

இப்னு ஹிஷாம் தொகுத்த வரலாற்றில் வரும் செய்தி இன்னும் பொருத்தமானது. ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பிறகு அரசர்களுக்குத் தூதர்களை அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், ஹவாரிய்யூன்கள் ஈஸாவிடம் மாறுபட்டது போல் என்னிடம் மாறுபடாதீர்கள் என்றார்கள். எப்படி மாறுபட்டார்கள் என்று தோழர்கள் கேட்டார்கள். அருகிலுள்ள ஊருக்கு அனுப்பப்பட்டவர் மகிழ்ந்து ஏற்றார்; தொலைவுக்கு அனுப்பப்பட்டவர் முகம் சுளித்துத் தயங்கினார். ஈஸா நபி அதை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். விடிந்தபோது தயங்கிய ஒவ்வொருவரும் தாம் போக வேண்டிய நாட்டு மக்களின் மொழியைப் பேசினார். தொடர்ந்து இப்னு இஸ்ஹாக் தரும் பட்டியலில் புத்ருஸ் ரோமுக்கு, ஃபீலிப்புஸ் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கு, தூமாஸ் இந்தியாவுக்கு அல்ல, கிழக்கே பாபிலுக்கு, இப்னு தல்மா ஹிஜாஸுக்கு. பவுல் புத்ருஸோடு போனவர். பின்பற்றியவரே தவிர ஹவாரிய்யூன்களில் ஒருவர் அல்லர் என்ற குறிப்பும் உண்டு. தயக்கத்துக்குத் தண்டனையாக வந்தது ஒரு மொழி என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தண்டனை என்று அதைச் சொல்ல முடியுமா என்றே தெரியவில்லை.

பர்னபா நற்செய்தி என்ற நூலை இந்த விஷயத்தில் சான்றாக எடுப்பவர்களுக்கு ஒரு சொல். அதன் இத்தாலியப் பிரதி வியன்னாவில் இருக்கிறது. 1907-இல் ஆங்கிலத்திலும் மறு ஆண்டு அரபியிலும் பெயர்க்கப்பட்ட பிறகே பரவலாக அறியப்பட்டது. ஆய்வாளர்கள் அதை மத்திய காலத்தின் இறுதிக்கோ அதற்குப் பின்னுக்கோ வைக்கிறார்கள். பன்னிருவர் பட்டியலில் தோமாவை எடுத்துவிட்டுப் பர்னபாவைச் சேர்க்கிறது. கடலிலிருந்து தள்ளி மலைமேல் இருக்கும் நாசரேத்துக்கு ஈஸா நபி படகேறிப் போனதாக எழுதுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், மஸீஹ் (மேசியா) என்ற பட்டத்தை ஈஸா நபிக்கு மறுக்கிறது. குர்ஆனோ அதே பட்டத்தால் அவர்களை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. குர்ஆனுக்குத் துணை தேடிப் போய், குர்ஆனையே மறுக்கும் நூலைத் தூக்கிப்பிடிப்பதில் என்ன பயன்? ஹவாரிய்யூன்களைப் பற்றி நமக்கு வேண்டிய அளவு அந்த ஐந்து இடங்களிலும் பழைய விரிவுரைகளிலும் இருக்கிறது.

பற்றற்ற வாழ்வைப் பேசும் நூல்களிலும் அவர்கள் வருகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இப்னு அபித் துன்யா, உறுதிநிலை பற்றிய தம் தொகுப்பில் பக்ர் முஸனீ வழியாக ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். ஹவாரிய்யூன்கள் தங்கள் நபியைக் காணாமல் தேடுகிறார்கள். கடல் பக்கம் போனதாக யாரோ சொல்கிறார்கள். கரைக்கு வந்து பார்த்தால், ஈஸா நபி அவர்கள் நீரின்மேல் நடந்து வருகிறார்கள். அலை ஒரு முறை உயர்த்துகிறது, ஒரு முறை தாழ்த்துகிறது. உடலில் ஒரே துணி. பாதியை இடுப்பில் கட்டி, பாதியைத் தோளில் போர்த்தியிருக்கிறார்கள். கரையில் நின்றவர்களில் ஒருவர் கேட்கிறார்: "அல்லாஹ்வின் நபியே, நான் உங்களிடம் வரட்டுமா?" வா என்கிறார்கள். ஒரு காலை நீரில் வைக்கிறார். அடுத்த காலை எடுத்து வைக்கப் போகும்போது, "ஐயோ, மூழ்கிவிட்டேன்" என்று அலறுகிறார். "கையைக் காட்டு, ஈமான் குறைந்தவனே" என்கிறார்கள் ஈஸா நபி அவர்கள். "ஆதமின் மகனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு உறுதி இருந்தால் நீரின்மேல் நடந்திருப்பான்."